விழுந்தவர்களின் பட்டியல்

உங்கள் குடும்பத்திலே நன்றாய் நடமாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென நினைவிழந்து விழுந்தவர் யாரேனும் உண்டா? காரணம் இன்னதென்று தெரியாமல் இளவயதில் உறக்கத்திலேயே மரித்தவர் உண்டா? வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் இவ்விரண்டு கேள்விகளையும் நீங்கள் கேட்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப்ஸ் லைன் வீடொன்றில் பிறந்து, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபின் பெங்களூருக்குக் குடிவந்து, மருந்துக்கடையிலே நின்று பிழைத்தவன்.

எங்கள் குடும்பத்தில் விழுந்தவர்கள் இருவர். ஒருவர் என் தகப்பனாரின் தங்கை. தலையில் வெந்நீர் பட்டால் அத்தை விழுவார். மற்றவள் என் பெரியப்பாவின் மூத்த மகள். சுரங்கத்துச் சங்கு ஊதினால் அந்த அக்காள் விழுவாள். லைன் வீடுகளில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இரகசியம் கிடையாது. ஆகையால் இரண்டையும் முடிச்சுப்போட்டு, “அந்தக் குடும்பத்துக்கு ஏதோ சாபம் இருக்கிறது” என்று சொன்னார்கள். பல ஆண்டுகளுக்குப் பின்பே உண்மை எங்களுக்கு விளங்கிற்று. அத்தையின் வியாதி வேறு, அக்காளின் வியாதி வேறு. ஒன்று மூளையைச் சேர்ந்தது, மற்றொன்று இருதயத்தைச் சேர்ந்தது. ஒன்று எங்கள் தகப்பன் வழி இரத்தத்தில் இருந்தது. மற்றொன்றோ பெரியம்மா தம் பிறந்த வீட்டிலிருந்து அறியாமலே கொண்டுவந்தது. சாபம் என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவைத்திருந்தது.

முதலில் அத்தையைப் பற்றிச் சொல்லுகிறேன். தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் இருப்பதால் மார்கழிக் குளிர் எலும்பைத் தொடும். விறகு மூட்டி அண்டாவில் நீர் காயவைத்து, செம்பு செம்பாகத் தலையில் ஊற்றிக் குளிப்பதே எங்கள் வழக்கம். நாலாவது ஐந்தாவது செம்பில் அத்தையின் கண்கள் ஓரிடத்தில் நிலைக்கும், வாய் எதையோ முணுமுணுக்கும், பின்பு விழுந்துவிடுவார். விழுவதற்குச் சற்றுமுன் அந்த வெந்நீர் மிகவும் இன்பமாய் இருக்குமாம். நிறுத்த மனம் வராமல் இன்னும் வேகமாய் ஊற்றிக்கொள்வாராம். இதைக் கேட்டவர்கள் பிசாசின் வேலை என்று சொல்லத் தயங்கவில்லை.

ஆனால் இதற்கு மருத்துவத்திலே பெயர் உண்டு: வெந்நீர் வலிப்பு. 1945-இல் நியூசிலாந்தில் முதன்முதல் எழுதப்பட்ட இவ்வியாதி, உலகத்திலேயே மிகுதியாய்க் காணப்படுவது தென் கர்நாடகத்தில்தான். 1960-களில் டாக்டர் கே.எஸ். மணி இதை விவரித்தார். 1988-இல் பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையின் டாக்டர் சதீஷ்சந்திராவும் உடன் பணியாற்றியோரும் 279 நோயாளிகளைக் குறித்து எழுதினார்கள். சாமராஜநகரத்தை அடுத்த எளந்தூரில் வீடுவீடாய்ச் செய்த ஆய்வில், வலிப்புள்ளவர்கள் நூறு பேரில் ஏறத்தாழ 7 பேருக்கு வெந்நீரே காரணமாயிருந்தது. விழுமுன் இன்பம் தோன்றி மேலும் மேலும் ஊற்றிக்கொள்வதும் அந்த ஆய்வாளர்கள் குறித்துவைத்த அடையாளமே. அத்தைக்கு 1990-இல் இதெல்லாம் சொல்லப்பட்டபோது அவர் அழுதுவிட்டார். “எனக்கு மட்டும் இல்லையா?” என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. தலைக்கு நீரை நேரே ஊற்றாமல் இளஞ்சூட்டில் துண்டை நனைத்துத் துடைத்துக்கொள்ளவும், தலைகுளிக்கும் நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு முன் ஒரு மாத்திரை எடுக்கவும் மருத்துவர் சொன்னார். அதன்பின் அவர் எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தார்.

தண்ணீரின் சூடும் சங்கின் ஓசையும் ஒரு மனிதனை எப்படி வீழ்த்தும்? தங்கவயல்காரருக்கு இதை விளக்குவது எளிது. ஷாஃப்டில் கூண்டு இறங்குமுன் வாசல் அடைபடவேண்டும், மணி அடிக்கவேண்டும், மேலே இருப்பவன் மறுமணி கொடுக்கவேண்டும். இந்த ஒழுங்கில் ஒரு கணம் பிசகினால் உயிர்ச்சேதம். நம் சரீரத்தின் ஒவ்வொரு நரம்பு அணுவிலும் இருதய அணுவிலும் இப்படிப்பட்ட வாசல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அயனி வாய்க்கால் என்று இவற்றைச் சொல்லுகிறார்கள். அணுவின் மெல்லிய சுவரில் பதிந்திருக்கும் புரதங்களே இவை. சோடியத்துக்கு ஒரு வாசல், பொட்டாசியத்துக்கு ஒரு வாசல், கால்சியத்துக்கு ஒரு வாசல். மின்னூட்டம் கொண்ட இந்த உப்பின் துகள்கள் உள்ளே பாய்வதும் வெளியே வருவதுமே நினைவு, அசைவு, வலி, இருதயத் துடிப்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை. சோடிய வாசல் திறந்து அடைபடுவது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள். திறந்திருக்கும் ஒரு பொட்டாசிய வாசல் வழியாய் வினாடிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட அயனிகள் செல்லக்கூடும். கணவாய் மீனின் தடித்த நரம்பை வைத்து இதைக் கண்டறிந்த இங்கிலாந்தின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1963-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஒவ்வொரு வாசலையும் செய்வதற்கான கட்டளை மரபணுவில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்தில் ஒன்று மாறினாலும் வாசல் தாமதமாய்த் திறக்கலாம், அடைபடாமல் நின்றுபோகலாம், சுவரைச் சென்று சேராமலே போகலாம். சோடிய வாசல்களின் மரபணுக்கள் ஒரே வீட்டுச் சகோதரிகளைப்போல் இருக்கின்றன. எஸ்.சி.என்.5ஏ என்பது இருதயத்துக்கு. அதன் சகோதரி எஸ்.சி.என்.4ஏ தசைக்கு. அதில் பழுதிருந்தால் இரவு வயிறாரச் சோறுண்டு படுத்தவன் காலையிலே கைகால் அசைக்கமுடியாமல் கிடந்து, சில மணி நேரத்தில் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்துபோகக்கூடும். இன்னொன்று எஸ்.சி.என்.9ஏ, வலியை அறியும் நரம்புக்கு. வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவிலே கத்தியைக் கையில் செருகியும் நெருப்புத் தணலில் நடந்தும் பிழைத்துவந்தான். அவனுக்கு வலியே தெரியாது. பதினான்கு வயது நிறையுமுன் கூரையிலிருந்து குதித்து மரித்தான். அவனுடைய உறவுக்குடும்பங்களில் இந்த வாசலே வேலை செய்யவில்லை என்பது 2006-இல் வெளியாயிற்று. தெருவில் கூடிநின்று பார்த்தவர்கள் அவனுக்கு ஏதோ சக்தி இருப்பதாய் எண்ணியிருப்பார்கள் அல்லவா?

மூளைக்குரிய எஸ்.சி.என்.1ஏ மரபணுவின் பழுதோ பெற்றோரைக் கலங்கவைப்பது. ஒரு வயது நிறையுமுன் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வரும். பின்பு காய்ச்சல் இல்லாமலும் வரும், வெந்நீரில் குளிப்பாட்டினாலும் வரும். டிராவே நோய் என்று பெயர். இதில் பழுதடைவது பெரும்பாலும் மற்ற நரம்புகளை அடக்கிவைக்கும் நரம்பணுக்களின் வாசல். அதனால்தான், சோடிய வாசலை அடைத்து வலிப்பை நிறுத்தும் கார்பமசெபைன், ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் மற்றவர்களுக்கு நன்மை செய்ய, இந்தப் பிள்ளைகளுக்கு வலிப்பை அதிகப்படுத்திவிடும். மருந்துக்கடையிலே நின்றவனுக்கு இது மிகப் பெரிய பாடம். எந்த வாசல் பழுது என்று தெரியாமல் மருந்தின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அத்தையின் வெந்நீர் வலிப்புக்கு இன்ன வாசல்தான் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் அனுரஞ்சன் ஆனந்த் குழுவினர் பல கர்நாடகக் குடும்பங்களை ஆராய்ந்து, மரபணுத் தொகுதியில் சில இடங்களைச் சுட்டினார்கள். எஸ்.எல்.சி.1ஏ1 என்ற மரபணுவில் அரிய மாறுபாடுகளையும் கண்டார்கள். அது வாசல் அல்ல. நரம்பை எழுப்பிவிடும் குளூட்டமேட்டை மறுபடியும் அணுவுக்குள் இறைத்துக்கொள்ளும் பம்பு என்று சொல்லலாம். பம்பு தளர்ந்தாலும் சுரங்கத்தில் நீர் ஏறும் என்பது நம் ஊராருக்குத் தெரியாததல்ல.

இனி அக்காளைப் பற்றி. பூமிக்கடியில் பாறை வெடித்து வீடுகள் நடுங்குவதை நாங்கள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்போம். அப்படியொரு இரவில் அவள் எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஒரு நிமிடத்தில் விழித்துக்கொண்டு, “ஏன் எல்லாரும் நிற்கிறீர்கள்?” என்றாள். பின்பு சங்கு ஊதியபோது இரண்டுமுறை. ஒரு மருத்துவமனையில் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஊரார் சொற்படி வேறு இடங்களுக்கும் அழைத்துப்போனார்கள். 1979-இல், பரீட்சைக்குப் படிக்கவேண்டும் என்று விடியற்காலம் அலாரம் வைத்துப் படுத்தாள். அலாரம் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அப்போது அவளுக்கு வயது பதினேழு.

ஈ.சி.ஜி. தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அலை விழும். அதன் பகுதிகளுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று எழுத்துகள் இட்டிருக்கிறார்கள். க்யூ தொடங்கி டி முடியுமட்டும் உள்ள இடைவெளியே இருதயம் சுருங்கி, மறுதுடிப்புக்கு ஆயத்தமாகும் நேரம். துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திப் பார்க்கையில் இது ஆண்களுக்கு ஏறத்தாழ 450 மில்லிவினாடிக்கும், பெண்களுக்கு 460-க்கும் உட்பட்டிருக்கவேண்டும். 500-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். பொட்டாசியத்தை வெளியேற்றும் வாசல் பழுதானால் இந்நேரம் நீளும். நீண்ட நேரத்தில் ஒரு திடுக்கம் வந்து விழுந்தால் இருதயம் தாறுமாறாய்த் துடிக்கும், இரத்தம் மூளைக்கு ஏறாது, ஆள் விழுவான். பலமுறை அது தானாகவே சீராகிவிடும். அப்போது விழுந்தவர் எழுந்து தண்ணீர் கேட்பார். சீராகாத ஒருமுறை மரணம். மூன்றுமுறை எழுந்த அக்காள் நான்காம்முறை ஏன் எழவில்லை என்பதற்கு இதுவே விடை. ஏறத்தாழ இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு இந்த ‘நீண்ட க்யூ.டி.’ உண்டு என்கிறார்கள்.

எந்த வாசல் பழுது என்பதைப் பொறுத்துத் தூண்டுதலும் மாறும். கே.சி.என்.க்யூ.1 என்றால் ஓட்டம், நீச்சல். கே.சி.என்.எச்.2 என்றால் திடீர் ஓசை, திடுக்கம். எஸ்.சி.என்.5ஏ என்றால் உறக்கம். இந்த இரண்டாவது மரபணுவின் கதை விசித்திரமானது. ஈதர் கொடுத்தால் கால்களை உதறி ஆடும் பழ ஈக்களில்தான் இதன் இனம் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. 1995-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கீட்டிங் குழுவினர் மனிதரின் நீண்ட க்யூ.டி.க்கு அதுவே காரணமென்று காட்டினார்கள்.

2016-இல் என் இளைய அக்காள் மகள், தலைப்பிரசவம் முடிந்து மூன்று மாதத்தில், இரவில் தொலைபேசி மணி அடித்தபோது விழுந்தாள். இரண்டாம்முறை பிள்ளை வீறிட்டழுதபோது விழுந்தாள். ஒரு மருத்துவமனையில் மூளை மின்பதிவு எடுத்து, அது சரியாயிருந்தும் வலிப்பு மாத்திரையே எழுதினார்கள். இன்னொரு இடத்தில் ஓர் இளம் மருத்துவர் ஈ.சி.ஜி. எடுத்தார். 510. அவர் உடனே கேட்டது, “குடும்பத்தில் வேறு யார் விழுந்தார்கள்?” என்பதுதான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, எண்பது வயதைக் கடந்த பெரியம்மா பாய்போட்டு உட்கார்ந்து கதை சொல்வதைப்போல் சொல்லத்தொடங்கினார். தம் மூத்த மகள் அலாரத்தில் போனது. தம் தம்பி கலியாணமான புதிதில் உறக்கத்தில் போனது. குடியாத்தம் பக்கத்தில் தம் சிற்றப்பா மகள் இடிச்சத்தத்தில் விழுந்து எழுந்தது. மருத்துவர் எழுதிக்கொண்டே போனார். பின்பு இரத்தப் பரிசோதனையில் கே.சி.என்.எச்.2 மாறுபாடு உறுதியாயிற்று. பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் இவ்வகைக்கு ஆபத்து கூடுதல் என்றும் அறிந்தோம். பெரியம்மாவுக்கும் அதே மாறுபாடு இருந்தது. அவர் ஒருநாளும் விழுந்ததில்லை. ஒரே எழுத்துப்பிழை ஒருவரை எண்பது வயதுக்குமேல் வாழவைத்து, மகளைப் பதினேழில் கொண்டுபோகும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு.

அக்காள் மகளுக்குப் புரோப்ரனலால் கொடுத்தார்கள். பழைய மாத்திரை, விலையும் குறைவு, என் கடையிலேயே எத்தனையோ பேருக்கு எடுத்துக்கொடுத்தது. படுக்கையறையிலிருந்து அலாரமும் தொலைபேசியும் வெளியேறின. இதுவரை அவள் மறுபடி விழவில்லை. மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு மார்பில் கருவி பொருத்துவதும் உண்டு.

என் தொழிலுக்குரிய ஒன்றையும் சொல்லவேண்டும். இந்தக் கே.சி.என்.எச்.2 வாசலை, பழுதில்லாதவரிடத்திலும், பல மருந்துகள் போய் அடைத்துவிடுகின்றன. ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனதும், வயிற்றுக்குக் கொடுத்த சிசாப்ரைடு 2011-இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டதும் இதனாலே. எரித்ரோமைசின், அசித்ரோமைசின், ஹாலோபெரிடால், டோம்பெரிடோன் ஆகியவை இன்றும் பயனுள்ள மருந்துகளே. ஆனால் நீண்ட க்யூ.டி. உள்ளவருக்கு இவை ஆகா. சளிக்கும் வாந்திக்கும் சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்கும் நம் பழக்கம் இங்கேதான் உயிருக்கு உலைவைக்கிறது. கடைக்காரனாகவே சொல்லுகிறேன்.

காது கேளாத பிள்ளைகள் உள்ள வீட்டார் இதைக் கவனியுங்கள். 1957-இல் நார்வேயில் ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள் பிறவிச் செவிடாய், அடிக்கடி மயங்குகிறவர்களாய் இருந்து, மூவர் திடீரென மரித்ததை யெர்வெல், லாங்கே நீல்சன் என்ற மருத்துவர்கள் எழுதினார்கள். கே.சி.என்.க்யூ.1 வாசல் இருதயத்திலும் உண்டு, உட்காதின் பொட்டாசிய நீரை உண்டாக்கும் திசுவிலும் உண்டு. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர்ந்தால் இரண்டும் ஒருங்கே கெடும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் நம் நாட்டில் இப்படிச் சேர்வது எளிது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள்ளேதான். மாமன் மகளையோ அத்தை மகனையோ மணந்தால், பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்துசேர 16-இல் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனை மணந்தால் 8-இல் ஒன்று. ‘சொத்து வெளியே போகாது’ என்று சொல்லும் மூத்தவர்கள், பழுதும் வெளியே போகாது என்பதை எண்ணுவதில்லை. ஆகையால் பிறவியிலே காது கேளாத பிள்ளைக்கு, அதிலும் மயங்கி விழுகிற பிள்ளைக்கு, ஒரு ஈ.சி.ஜி. கட்டாயம் எடுங்கள்.

சபையாருக்குச் சில வார்த்தைகள். பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர் கேட்ட கேள்வியையும் அதற்குக் கிடைத்த பதிலையும் அறியாதவர் நம்மில் இல்லை. அப்படியிருந்தும் விழுகிறவரைக் கண்டால் யார் செய்த பாவம் என்றே முதலில் தேடுகிறோம். விழுந்தவருக்காக ஜெபியுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் ஈ.சி.ஜி. எடுக்காமல் பிசாசென்று தீர்க்கவேண்டாம். சுகமாயிற்றென்று சாட்சி சொல்ல மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். முழு இரவு ஜெபத்தில் உறக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும். நீண்ட உபவாசமும் வயிற்றுப்போக்கும் பொட்டாசியத்தைக் குறைத்து க்யூ.டி.யை இன்னும் நீட்டும். நீச்சலும் நீரில் அமிழ்வதும் சிலருக்குத் தூண்டுதலாதலால், ஏரியிலோ ஆற்றிலோ ஞானஸ்நானம் பெறுமுன் போதகரிடமும் மருத்துவரிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒன்றும் ஆகாது. மூச்சிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சில்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு நடுமார்பை வேகமாய், பலமாய் அமுக்கிக்கொண்டே இருங்கள். வெட்டி இழுப்பது இரண்டிலும் உண்டு. ஆனால் இருதயத்தால் விழுந்தவர் வெளிறிப்போய், எழுந்ததும் தெளிவாய்ப் பேசுவார். வலிப்பில் விழுந்தவருக்குத் தெளிவு வர நேரமாகும். இதைப் பார்த்தவர் மருத்துவரிடம் கூடப் போகவேண்டும்.

மரபணுப் பரிசோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் எண்ணாதிருங்கள். ‘பொருள் உறுதிப்படாத மாறுபாடு’ என்று எழுதிவருவது சாதாரணம். ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்கும் தொகுப்புகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வழியினருடையவை. நம் நாட்டு 10,000 பேரின் மரபணுத் தொகுதிகள் ஜீனோம் இந்தியா திட்டத்தின் மூலமாய் 2025 ஜனவரியில்தான் ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டன. அதுவரைக்கும், அதற்குப் பின்னும், யார் எந்த நேரத்தில் எதைச் செய்துகொண்டிருக்கையில் விழுந்தார் என்கிற குடும்பச் செய்தியே அந்தத் தாளுக்கு அர்த்தம் கொடுக்கிறது. லைன் வீடுகளில் அச்செய்தி பாட்டிமாரிடம் பத்திரமாயிருந்தது. சுரங்கம் மூடியபின் ஒருவர் பெங்களூருக்கும் ஒருவர் சென்னைக்கும் ஒருவர் கடல்கடந்தும் போனோம். மாரிக்குப்பம் ரயிலில் விடியற்காலம் ஏறி இரவில் திரும்புகிறவர்களுக்குப் பாட்டியிடம் உட்கார நேரமில்லை. பேர், உறவு, வயது, விழுந்த வேளை, முன்பு நடந்தது, காது கேட்குமா, உறவுக்குள் மணமா என்று ஒரு நோட்டில் எழுதினால் ஒரு மாலைநேர வேலைதான்.

பெரியம்மா 2019-இல் நித்திரையடைந்தார். அவர் சொன்ன பட்டியலை நகலெடுத்துக் குடியாத்தத்து உறவினருக்கு அனுப்பினோம். மூன்று பேர் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு 490. முப்பத்துநான்கு வயது லாரி ஓட்டுநர், ஒருநாளும் விழாதவர். இப்போது காலையில் ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மருத்துவர் சொன்னபடி லாரியை விட்டுவிட்டு அண்ணனோடு கடையில் இருக்கிறார்.